வெள்ளிக்கிழமை ராத்திரி கைதானால்

நேயர்களுக்கு வணக்கம். வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மேல் தெரியாத நம்பரிலிருந்து என் போன் அடித்தால், எடுப்பதற்கு முன்பே விஷயம் என்னவாக இருக்கும் என்று பாதி தெரிந்துவிடும். ஒரு தாலுகா கோர்ட் வக்கீலுக்கு இது பழகிப்போன ஒன்று. போன வருஷம் அப்படித்தான் ஒரு அம்மா பேசினார். வீட்டுக்காரர் தச்சு வேலை செய்கிறவர், பக்கத்து வீட்டுக்காரரோடு சாக்கடைத் தண்ணீர் போகிற வழி பற்றி வாய்த் தகராறு, அது கைகலப்பாகி, புகாராகி, இப்போது அவர் ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். "சார், இனிமே திங்கட்கிழமை கோர்ட்லதான் பேச முடியுமாம், ரெண்டு நாள் உள்ளதான் இருக்கணுமாம்" என்று அழுகிறார்.

நான் கேட்ட முதல் கேள்வி, என்ன செக்‌ஷன் போட்டிருக்கிறார்கள் என்பதுதான். அவருக்குத் தெரியவில்லை. ஸ்டேஷன் ரைட்டரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். 296 பி, 115 (2) என்றார். அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 294 பி, 323. பொது இடத்தில் அசிங்கமாகத் திட்டியது, கையால் அடித்துக் காயப்படுத்தியது. இரண்டுமே ஜாமீனில் விடக்கூடிய குற்றங்கள்.

இங்கேதான் பலருக்கும் குழப்பம். கைது, ஜாமீன், விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் சட்டம், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. அதில் 478-ஆவது பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 436) என்ன சொல்கிறது என்றால், இந்த வகைக் குற்றத்தில் கைதானவர் ஜாமீன் கொடுக்கத் தயார் என்று சொன்னால் ஸ்டேஷன் அதிகாரியே அவரை விட்டுவிட வேண்டும். விடலாம் என்று இல்லை, விட வேண்டும். அதற்கு மாஜிஸ்திரேட் தேவையில்லை, கோர்ட் திறக்கவும் தேவையில்லை. இதைத்தான் நாம் ஸ்டேஷன் பெயில் என்கிறோம். ஆனால் நடப்பில் அது ஏதோ இன்ஸ்பெக்டர் மனது வைத்துச் செய்கிற உதவி மாதிரி ஆகிவிட்டது, வெளியே வந்தவர்களும் கும்பிடு போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள்.

எது ஜாமீனில் விடக்கூடியது, எது கூடாது என்பதை மனசாட்சியை வைத்து ஊகிக்க முடியாது, அந்தச் சட்டத்தில் உள்ள அட்டவணையைப் பார்த்தால்தான் தெரியும். கவனக்குறைவாக வண்டி ஓட்டி ஒருவர் உயிர் போய்விட்டால், நின்று போலீசுக்குத் தகவல் சொன்ன டிரைவருக்கு ஸ்டேஷனிலேயே ஜாமீன் உண்டு. பத்தாயிரம் ரூபாய் செல்போனைத் திருடியவருக்கு அந்த உரிமை கிடையாது. இறந்தவர் வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள், போலீஸ் காசு வாங்கிவிட்டது என்பார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் அந்த இடத்தில் சப் இன்ஸ்பெக்டர் செய்தது சட்டம் சொன்னதைத்தான்.

சரி, ஜாமீனில் விட முடியாத குற்றம் என்றால்? அப்போதும் கைது தானாக நடந்துவிடக் கூடாது. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், இவரை ஏன் கைது செய்தே ஆக வேண்டும், ஓடிவிடுவாரா, சாட்சியை மிரட்டுவாரா, தடயத்தை அழிப்பாரா என்று அதிகாரி காரணத்தை எழுதி வைக்க வேண்டும். இல்லையென்றால் அதே சட்டத்தின் 35 (3) பிரிவில் நோட்டீஸ் கொடுத்து விசாரணைக்கு வரச் சொன்னால் போதும். 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகச் சொன்னது. காரணம் எழுதாமல் கைது செய்த அதிகாரி மீது மட்டுமல்ல, அதைப் பார்க்காமல் ரிமாண்ட் செய்த, அதாவது காவலில் வைக்க உத்தரவிட்ட, மாஜிஸ்திரேட் மீதும் நடவடிக்கை வரும் என்றது. அப்புறம், இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் இன்னொரு உத்தரவு. கைது செய்துவிட்டார்கள் என்றால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், பயண நேரம் மட்டும்தான் கழிவு, ஞாயிற்றுக்கிழமைக்குக் கழிவு இல்லை. லீவு நாளில் மாஜிஸ்திரேட் வீட்டுக்கே கூட்டிப் போவார்கள். ஆக, "திங்கட்கிழமைதான்" என்பது எந்தக் குற்றத்துக்கும் சரியான பதில் கிடையாது.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐயாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் என்றால் ஐயாயிரத்தை எண்ணிக் கட்ட வேண்டும் என்று நினைத்து நகையை அடகு வைத்துக்கொண்டு ஓடி வருகிறவர்கள் உண்டு. அது உறுதிப்பத்திரத்தில் எழுதுகிற தொகை, சொன்ன நாளில் வராவிட்டால்தான் வசூல். ஜாமீன்தாரர் பிடிக்க முடியாத ஏழை என்றால் சொந்த ஜாமீனிலேயே, அதாவது அவர் மட்டும் எழுதிக் கொடுக்கும் உறுதியிலேயே, விட வேண்டும், ஒரு வாரமாகியும் ஆள் கிடைக்கவில்லை என்றால் அவரை ஏழை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே 478 சொல்கிறது. 1978-இல் மோதி ராம் என்ற கொத்தனாரிடம் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டு, அவர் சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தட்டிக் கழித்தபோது, உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் கோபப்பட்டார். ஒரு தமிழன் போர்ட் பிளேயரிலோ சாந்தினி சவுக்கிலோ கைதானால் அந்த ஊரில் சொத்துள்ள ஆளுக்கு எங்கே போவான் என்று தீர்ப்பில் கேட்டார். இன்று இங்கே வேலைக்கு வந்திருக்கும் பீகார் பையனுக்கும் அதே கதைதான்.

தச்சரிடம் வருகிறேன். இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்து முடிந்து பத்தரைக்கு வந்தார், மைத்துனர் ஆர்.சி. புக்கோடு வந்து கையெழுத்துப் போட்டார், பதினொரு மணிக்கு வெளியே வந்தாயிற்று. கேஸ் முடிந்தது என்று நினைத்துவிட்டார் மனிதர். நான் சொன்னதும் காதில் ஏறவில்லை. வீடு மாறினார், ஸ்டேஷனில் புது முகவரி கொடுக்கவில்லை, சம்மன் பழைய வீட்டுக்குப் போய்த் திரும்பியது, வாரண்ட் பிறந்தது. அதை ரீகால் செய்ய, அதாவது திரும்பப் பெற வைக்க, மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு கோர்ட் வராண்டாவில் என்னோடு உட்கார்ந்திருந்தார், அந்த மைத்துனரும் கூடவே, முகத்தைத் திருப்பிக்கொண்டு.