திருப்பி அனுப்பப்பட்ட பத்தொன்பது வயதுப் பையன்

அனைவருக்கும் வணக்கம்.

பேஸ்பால் பார்ப்பவர்கள் மைக் ட்ரவுட்டை அறிவார்கள். அமெரிக்காவின் உச்ச மட்டப் போட்டி மேஜர் லீக்; அதன் ஒரு பாதியான அமெரிக்கன் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை மூன்று முறை வாங்கியவர். அந்தப் புகழைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். 2009 கோடையிலிருந்து 2012 ஏப்ரல் வரை அவர் மைனர் லீக்கில், அதாவது மேஜர் லீக்குக்கு ஆட்களை வளர்க்கும் கீழ்ப் படிகளில், ஏறி வந்த வழியைப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன். முக்கியமாக, நடுவில் ஒரு முறை அவரைக் கீழே இறக்கிவிட்டார்களே, அதைப் பற்றி.

நியூ ஜெர்சி மாநிலத்தின் தெற்கே மில்வில் என்று ஓர் ஊர். மைக்கின் அப்பா ஜெஃப் ட்ரவுட், மின்னசோட்டா ட்வின்ஸ் அணிக்காக மைனர் லீக்கில் நான்கு சீசன் ஆடியவர். மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே இருக்கும் டபுள்-ஏ வரை வந்தார், அதோடு சரி. ஊர் திரும்பிப் பள்ளி ஆசிரியரானார், பயிற்சியாளரானார். அவரோடு அந்தக் காலத்தில் ஆடிய கிரெக் மோர்ஹார்ட், பிற்பாடு கலிபோர்னியாவின் மேஜர் லீக் அணியான ஏஞ்சல்ஸுக்கு ஆள் பார்த்துச் சொல்லும் ஸ்கவுட் வேலைக்குப் போனார். பழைய தோழரின் மகன் ஓடுவதைப் பார்த்தவர் அசந்துவிட்டார். பந்தை அடிக்கும் இடமான ஹோமிலிருந்து, ஓடித் தொட வேண்டிய முதல் பேஸ் 90 அடி. நல்ல கனமான உடம்போடு பையன் அதை நான்கு விநாடிக்குள் கடந்தான்.

மற்ற அணிகளுக்குத் தயக்கம் இருந்தது. வடகிழக்கில் குளிர் விலகவே நாளாகும். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆட்டங்கள் குறைவு, எதிரில் பந்து வீசுபவர்களும் சுமார்தான். அதனால் அணிகள் முறை வைத்துப் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் 2009 டிராஃப்டில் 24 பெயர்கள் போன பிறகே ட்ரவுட் பெயர் வந்தது. அந்த 24ஆவது பெயரைச் சொன்னதும் ஏஞ்சல்ஸ்தான். அடுத்தடுத்த இரண்டு வாய்ப்புகள் அவர்கள் கையில் இருந்தன.

முதலில் அரிசோனாவில் புதியவர்களுக்கான லீக். அங்கே .360 சராசரி. பேஸ்பாலில் பத்து வாய்ப்பில் மூன்று முறை அடித்தாலே நல்ல பேட்டர் என்பார்கள். இந்தப் பையன் மூன்றரைக்கும் மேல். 2010ல் அயோவாவின் சிடார் ராபிட்ஸில் .362, அதே வருடம் கலிபோர்னியாவின் ராஞ்சோ குகமோங்காவுக்கு ஏற்றினார்கள். 2011ல் டபுள்-ஏ, ஆர்கன்சா டிராவலர்ஸ். அப்பா நின்ற படி அது.

ஜூலை 8ஆம் தேதி, ஏஞ்சல்ஸுக்காக மைதானத்தின் நடுப் பின்பகுதியைக் காக்கும் சென்டர் ஃபீல்டர் பீட்டர் போர்ஜஸுக்குத் தொடைத் தசையில் காயம். நடுவில் இருக்கும் ட்ரிபிள்-ஏ படியில் கால் வைக்காமலே ட்ரவுட் மேஜர் லீக்குக்கு வந்தார். முதல் ஆட்டத்தில் ஒரு ஹிட்கூட இல்லை. அடுத்த நாட்களும் பெரிதாக மாறவில்லை. மேலே பந்து வீசும் பிட்சர்கள் ஒரே ஆளை ஒரு வாரத்தில் படித்துவிடுவார்கள். எந்தப் பந்துக்கு அவசரப்படுகிறான் என்று தெரிந்தால் அதையே திரும்பத் திரும்பப் போடுவார்கள். ஆகஸ்ட் 1, அவருடைய இருபதாவது பிறந்த நாளுக்கு ஆறு நாள் முன்னால், மறுபடி ஆர்கன்சாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதை நான் தண்டனையாகப் பார்க்கவில்லை. மேலே உட்கார வைத்திருந்தால் பையன் பெஞ்சில்தான் இருந்திருப்பான். கீழே போனதால் தினமும் பேட் பிடித்தான், தினமும் அவுட்ஃபீல்டில் நின்றான். ஆகஸ்ட் 19 அன்று திரும்ப அழைத்தார்கள். வருடக் கடைசியில் மேஜர் லீக் கணக்கு 40 ஆட்டம், .220, ஐந்து ஹோம் ரன். சாதாரணக் கணக்குதான். ஆனால் அதே 2011ல் மைனர் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் என்று 'பேஸ்பால் அமெரிக்கா' இதழ் தேர்ந்தெடுத்ததும் இவரைத்தான்.

2012 தொடக்கத்தில் உடம்பு சரியில்லாமல் இளைத்துப்போனார். ட்ரிபிள்-ஏவான சால்ட் லேக்கில் தொடங்கினார். இருபது ஆட்டத்தில் .403. அதே சமயம் மேலே, மேஜர் லீக்கில், ஏஞ்சல்ஸ் ஆடிய இருபதில் பதினான்கு தோல்வி! ஏப்ரல் 28 அன்று கூப்பிட்டார்கள், அப்புறம் அவர் கீழே போகத் தேவை வரவில்லை. ஜூன் 27, பால்டிமோர். ஜே. ஜே. ஹார்டி அடித்த பந்து நடுச்சுவரைத் தாண்டிப் போகிறது. ட்ரவுட் பின்னோக்கி ஓடிச் சுவரோரம் எழும்பி, சுவருக்கு மேலே கையுறையை நீட்டிப் பிடித்தார். அந்த வருடம் .326, 30 ஹோம் ரன், பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேரும் 'பேஸ் திருட்டு' 49. சிறந்த புதுமுகம் விருதுக்கு ஓட்டுப் போட்ட அத்தனை பேரும் முதலிடத்தில் எழுதியது அவர் பெயரைத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ட்ரவுட் கையெழுத்துப் போட்டபோதே 12 லட்சத்து 15 ஆயிரம் டாலர் கிடைத்தது. அவரோடு ஒரே பஸ்ஸில் போன மற்றப் பையன்களில் பலருக்கு அப்படி ஒன்றும் இல்லை. சீசன் முடிந்தால் வேறு வேலை தேடியவர்கள் அவர்கள். மைனர் லீக் ஆட்டக்காரர்கள் சங்கத்தில் சேர்ந்ததே 2022ல். 2023ல் போட்ட முதல் ஒப்பந்தத்தில்தான் டபுள்-ஏ ஆட்டக்காரரின் குறைந்தபட்ச வருடச் சம்பளம் 13,800 டாலரிலிருந்து 30,250 ஆனது. அப்போது ஜெஃப் ட்ரவுட் டபுள்-ஏவை விட்டு 37 வருடம் ஆகியிருந்தது.