சாரணர் குழுவுக்குத் திருச்சபையே பொறுப்பேற்க வேண்டும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்காவில் திருச்சபைகள் சாரணர் குழுக்களைப் பொறுப்பேற்று நடத்த வேண்டுமா, கூடுவதற்கு இடம் கொடுத்தால் போதுமா என்பதே நம்முன் உள்ள கேள்வி. பொறுப்பேற்றே ஆக வேண்டும் என்பது எங்கள் அணியின் வாதம்.

எதிரணி நண்பர் சிறுவர்கள்மீது நிகழ்ந்த பாலியல் கொடுமைகளை எடுத்துரைத்தார். அவற்றை நான் ஒரு சொல்லாலும் குறைத்துப் பேசமாட்டேன். 2020 பிப்ரவரியில் அமெரிக்கச் சாரணர் இயக்கம் திவால் மனு கொடுத்தபின் 82,000க்கும் மேற்பட்டோர் அக்கொடுமைகளுக்காக இழப்பீடு கோரினார்கள். குழுக்களை நடத்திவந்த ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபை தன் பங்காக 3 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. இதற்குப் பிறகும் ஒரு திருச்சபை, குழுவை நடத்தும் பொறுப்பை ஏற்கும் ஒப்பந்தமான சாசனத்தில் ஏன் கையெழுத்திட வேண்டும் என்று அவர் கேட்டார்.

அந்தச் சாசனத்தின்படி, குழுவை வழிநடத்தும் பெரியவர்களைத் தேர்ந்து ஒப்புதல் தருவதும், சபையின் சார்பில் ஒரு பிரதிநிதியை அமர்த்துவதும் திருச்சபையின் கடமை. ஆண்டுதோறும் தாளில் ஒப்பமிட்டு, கூடத்தின் சாவியைக் கொடுத்ததோடு ஒதுங்கிக்கொண்ட சபை அந்தக் கடமையைச் செய்யவே இல்லை. எதிரணி கேட்கும் இடவாடகை ஒப்பந்தமோ, அப்படி ஒதுங்கி நிற்பதையே முறையாக்கிவிடுகிறது. வழக்குச் செலவிலிருந்து சபை தப்பலாம். கூடத்துக்குள் இருக்கும் பிள்ளையை யார் கவனிப்பது?

சபைப் பிரிவுகள் பிள்ளைகளைத் தங்கள் பக்கம் இழுத்துவிடும் என்ற எதிரணியின் அச்சத்துக்கும் சாரணர் இயக்கத்தின் விதியிலேயே விடை உண்டு. கத்தோலிக்கப் பங்கு, அதாவது உள்ளூர்க் கத்தோலிக்கச் சபை, நடத்தும் குழுவில் சேர்ந்த, லூத்தரன் என்னும் புராட்டஸ்டண்ட் பிரிவைச் சேர்ந்த சிறுவனை, குழு உறுப்பினன் என்பதற்காக, கத்தோலிக்கருக்கே உரிய வழிபாட்டில் பங்கேற்கக் கட்டாயப்படுத்தக் கூடாது. கத்தோலிக்கருக்கும், கிழக்கு மரபுவழிச் சபையினருக்கும், புராட்டஸ்டண்டுகளுக்கும் தனித்தனிச் சமயப் பதக்கங்கள் உள்ளன; ஒரே குழுவில் இருந்தபடியே அவரவர் சபையின் போதகரிடம் பயின்று அவற்றைப் பெறலாம். வெவ்வேறு சபைப் பிள்ளைகள் ஒரே கூடாரத்தில் தங்கிப் பழகும் இவ்வாய்ப்பை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

மார்மன் சபை என அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, 1913 முதல் சாரணியத்தை ஆதரித்துவிட்டு 2019 இறுதியில் விலகியதையும் எதிரணியினர் சான்றாகக் காட்டினார்கள். அந்தச் சபை பிள்ளைகளை விட்டு விலகவில்லை. அவர்களுக்கென உலகெங்கும் தன் சொந்தத் திட்டத்தை நடத்தவே சாரணியத்தை விட்டது. சாரணியத்தில் தொடரும் சபைகளும் அதே அளவு பொறுப்பைச் சாசனத்தின் வழியே ஏற்கட்டும் என்றுதான் நாங்கள் கேட்கிறோம்.