குற்றாலத்தில் மூன்று மணி நேரம்

வணக்கம்.

சில வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதக் கல்யாணத்துக்காகத் தென்காசி போயிருந்தேன். முகூர்த்தம் முடிந்தது, பந்தியும் முடிந்தது, ரயிலுக்கு இன்னும் நேரம் கிடந்தது. ஐந்து கிலோமீட்டர்தானே என்று ஆட்டோ பிடித்துக் குற்றாலம் போனோம்.

பேரருவி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய பாறை நின்றது. அதன் ஓரமாக நூல் பிடித்தாற்போல் கொஞ்சம் தண்ணீர். குளிக்கிறவர்கள் பிடித்துக்கொள்ளும் கம்பியில் நாலைந்து குரங்குகள். வெயில் மண்டையைப் பிளந்தது. கடையில் தின்ற வடை முந்தின நாள் வடை. மூன்று மணி நேரத்தில் திரும்பிவிட்டோம்.

அப்புறம் பார்க்கிறவர்களிடமெல்லாம், "குற்றாலமா? பேருதான் பெரிசு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆடியில் குடும்பத்தோடு போவதாக இருந்த பக்கத்து வீட்டுக்காரர், என் பேச்சைக் கேட்டுப் பயணத்தையே கைவிட்டுவிட்டார்.

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பாறை, குரங்கு, வடை எல்லாமே நடந்தவைதான். போனது சித்திரையில் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

குற்றாலம் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர் உயரம்கூட இல்லாத அடிவாரத்து ஊர். ஊட்டி மாதிரி வருடம் முழுக்கக் குளிராது. அங்கே எல்லாம் காற்று செய்கிற வேலை. செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுப் பக்கம், மலைத்தொடரில் ஒரு கணவாய் இருக்கிறது. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும், ஈரக்காற்று அந்த இடைவெளி வழியாக இந்தப் பக்கம் புகுந்து வரும். மலை மேல் மழை, கீழே சாரல். சிற்றாறு நிறைந்து அருவியாக விழும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இதுதான் 'சீசன்'. வடகிழக்குப் பருவமழையிலும் தண்ணீர் வரும், ஆனால் அந்தச் சாரல் காற்று வராது. அன்றைக்கே ஆட்டோக்காரர், "ஆனி ஆடியில வாங்க சார்" என்று சொன்னார். வியாபாரத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மனசு உறுத்தியதால் பிறகு ஒரு ஜூலையில் போனேன். அதே பாறையா என்று இருந்தது! அருவி நேராகத் தலையில் விழுவதில்லை. மேலே பொங்குமாகடல் என்கிற பள்ளத்தில் விழுந்து, வேகம் குறைந்து, பிறகு வழிந்து கீழே வருகிறது. அதனால்தான் அடியில் நின்று குளிக்க முடிகிறது. இரண்டு நிமிடம் நின்றேன், காது அடைத்துவிட்டது. வெளியே வந்தால் மங்குஸ்தான், ரம்புட்டான் கடைகள். பசி என்றால் அப்படி ஒரு பசி.

அன்று மாலையே தண்ணீர் அருவிக்கரையின் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்ட ஆரம்பித்து, குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். அப்போதுதான் வேனில் வந்து இறங்கிய ஒரு குடும்பம், தலையில் எண்ணெயோடு தடுப்புக்கு வெளியே நின்றது. அவர்கள் ஊருக்குப் போய் என்ன சொல்லியிருப்பார்கள்? "எட்டு மணி நேரம் போனோம், நனையக்கூட விடல." அதுவும் உண்மைதானே.

அதற்காக, கொஞ்ச நேரம் பார்த்தவன் வாயே திறக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். உடை மாற்றும் இடம் எப்படி இருக்கிறது, அருவிக்கரையில் எத்தனை ஷாம்பு பாக்கெட் கிடக்கிறது, இதெல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். சோப்பு, ஷாம்புக்குத் தடை இருந்தும் பாக்கெட்டுகள் கிடந்தன. சீசனில் இன்னும் அதிகம். அந்தக் குறையை நான் திரும்பப் பெறுவதாக இல்லை.

வெட்கப்பட வேண்டியது வேறொன்று. குற்றாலத்தில் சித்திர சபை இருக்கிறது. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று, சுவர் முழுக்க ஓவியம். அதற்குச் சீசன் கிடையாது. முதல் தடவை வடைக்கடையில் உட்கார்ந்து தண்ணீர் இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்தேனே தவிர, இங்கே வேறென்ன இருக்கிறது என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். போன ஆடியில் ஒருவழியாகப் போய்விட்டு வந்தார்.

"எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை, காலையில பத்து மணி இருக்கும்..." என்று ஆரம்பித்தார்.

நன்றி, வணக்கம்.