கூரைக்கு ஆசைப்பட்ட ஊர்

வணக்கம் நேயர்களே. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகர மையத்தில், ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், கவிழ்த்துவைத்த பெரிய அண்டா மாதிரி ஒரு கட்டடம் இருக்கிறது. பெயர் சூப்பர்டோம். கால்பந்துக்காகக் கட்டியது. ஆனால் அந்த ஊர்க் கால்பந்து பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். அது வேறு கதை.

1965-ல் பக்கத்து மாநிலமான டெக்சாசில், ஹூஸ்டன் நகரத்தில், ஆஸ்ட்ரோடோம் என்று கூரை போட்ட பெரிய அரங்கத்தைத் திறந்தார்கள். நியூ ஆர்லியன்ஸ் இருக்கிற லூசியானா மாநிலத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அதைவிடப் பெரிதாக வேண்டும் என்று கிளம்பினார்கள். 1971-ல் வேலை தொடங்கி 1975 ஆகஸ்டில் முடிந்தது. செலவு ஏறக்குறைய 16 கோடி டாலர். உள்ளே பார்வையை மறைக்க ஒரு தூண் கிடையாது. மேலே 680 அடி அகலக் கூரை.

சொந்த அணியான செயின்ட்ஸ் தோற்றுக்கொண்டே இருந்தது. 1987-ல்தான் முதல் தடவையாக ஒரு சீசனில் தோல்வியைவிட வெற்றி அதிகம். கட்டடத்துக்குப் பேர் வாங்கித் தந்தது மற்றவர்கள்தான். 1978-ல் முகமது அலி, லியான் ஸ்பிங்ஸை வென்று உலகப் பட்டத்தை மூன்றாம் முறையாகப் பிடித்தது இங்கேதான். 1982 கல்லூரிக் கூடைப்பந்து இறுதியாட்டத்தில் வெற்றிப்பந்தைப் போட்ட முதலாண்டு மாணவர் மைக்கேல் ஜோர்டன். அப்புறம் போப்பாண்டவர் வந்தார், குடியரசுக் கட்சி மாநாடு நடந்தது.

2005 ஆகஸ்ட் 29, கத்ரீனா புயல். காரும் காசும் உள்ளவர்கள் முன்பே ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். மற்றவர்களில் பலர் இங்கே ஒதுங்கினார்கள். காற்று கூரையின் மேலுறையை உரித்தெடுத்தது. ஓட்டை வழியே மழை இருக்கைகள் மேல் கொட்டியது. மின்சாரம் போய், ஜெனரேட்டரில் மங்கலாகச் சில விளக்குகள் மட்டும் எரிந்தன. ஏசி இல்லை. கழிப்பறைகள் நிரம்பி வழிந்தன. கரைகள் உடைந்து ஊருக்குள் வெள்ளம் வர வர, கூட்டம் 20,000-ஐத் தாண்டியது. வெளியேற்ற நாள்கணக்கில் ஆனது. பேருந்துகள் பலரைக் கொண்டுபோய் இறக்கிய இடம் எது தெரியுமா? ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம்!

இடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. இடிக்கவில்லை. அந்த சீசன் முழுக்க வெளியூர்களில் ஆடிய செயின்ட்ஸ், 2006 செப்டம்பர் 25 அன்று வீடு திரும்பியது. ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எதிரணியான அட்லாண்டாவின் வீரர் உதைத்த பந்தை செயின்ட்ஸ் வீரர் ஸ்டீவ் கிளீசன் பாய்ந்து தடுத்தார். அரங்கம் அதிர்ந்தது. அந்தப் பாய்ச்சலை அப்படியே வெண்கலத்தில் வார்த்து வாசலில் வைத்திருக்கிறார்கள். சிலைக்கு இட்ட பெயர், மறுபிறப்பு.