சிரம்பான் தோட்டத்து டாக்டரும் வெள்ளைக்காரரின் யோகாவும்

(ரந்தாவ் நகரின் கோயில் மண்டபமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

வெள்ளைக்காரர்களுக்கு நம் ஆன்மிகத்தின் மேல் எப்படி இத்தனை மோகம் வந்தது என்று கேட்டால், இரண்டு பதில் தயாராக இருக்கும். 1893இல் விவேகானந்தர் சிகாகோவில் பேசினார். 1968இல் பீட்டில்ஸ் பாடகர்கள் ரிஷிகேசம் போனார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் பேச்சுக்குக் கைதட்டியவர் மறுநாள் காலையில் பாயை விரித்து என்ன செய்வார்? எந்தக் காலை முதலில் மடக்குவது, எத்தனை எண்ணும்வரை மூச்சை அடக்குவது என்று யாராவது சொல்லித்தர வேண்டுமே! அப்படிச் சொல்லித்தந்தவர்களில் முக்கியமான ஒருவர், இங்கிருந்து அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய சிரம்பான் வட்டாரத்தில் வேலை பார்த்தவர்.

பத்தமடையில் 1887இல் பிறந்தவர் குப்புசாமி. தஞ்சாவூரில் மருத்துவம் படித்தார். 1913இல் கப்பலேறி மலாயா வந்தார். சிரம்பானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரி அவர் பொறுப்புக்கு வந்தது. பிறகு ஜொகூர் பாரு. 1923இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியா திரும்பி, அடுத்த ஆண்டு ரிஷிகேசத்தில் துறவு பூண்டார். சுவாமி சிவானந்தர் என்று நாம் படம் மாட்டிக் கும்பிடுகிறவர் அவர்தான். 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார்.

துறவியான பிறகும் டாக்டர் புத்தி போகவில்லை என்பது என் அபிப்பிராயம். அவர் தந்த ஆன்மிகப் பயிற்சிக் குறிப்புகள் மருந்துச் சீட்டைப் போல இருக்கும்: காலை நான்கு மணிக்கு எழு, அரை மணி நேரம் தியானத்தில் உட்கார், சிறிது சிறிதாக மூன்று மணி நேரத்துக்கு ஏற்று. அதுவும் ஆங்கிலத்தில், ஏழெட்டுச் சொல் வாக்கியங்களில். தத்துவம் புரியாத ஆளும் அளவைப் புரிந்துகொள்ளலாம்.

அவர் மேல்நாட்டுக்குப் போகவில்லை. 1957இல் சீடர் விஷ்ணுதேவானந்தரை அனுப்பினார். சீடர் 1959இல் கனடாவின் மாண்ட்ரியலில் மையம் திறந்தார். மறு ஆண்டு படங்களோடு ஆசன நூல் ஒன்றை வெளியிட்டார். 1965 பிப்ரவரியில் பஹாமாஸ் தீவில் படப்பிடிப்புக்கு வந்திருந்த பீட்டில்ஸ் நால்வருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்தார். ஜார்ஜ் ஹாரிசனுக்கு அன்று 22ஆம் பிறந்தநாள். மூன்றாண்டு கழித்து அவர்கள் ரிஷிகேசத்தில் தங்கியது மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

விஷ்ணுதேவானந்தர் வழி வந்த மையங்களில் பன்னிரண்டு ஆசனங்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலிலேயே சிரசாசனம். அதில்தான் ஆட்கள் கழுத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மண்டியிட்டு, ஒரு கையால் மறு கையின் முழங்கையைப் பிடியுங்கள், அதுதான் அளவு. முழங்கைகளை அப்படியே தரையில் ஊன்றி, கைகளை மட்டும் முன்னே நீட்டி விரல்களைக் கோத்துக்கொள்ளுங்கள். உச்சந்தலை தரையில், பிடரி உள்ளங்கைகளில். இடுப்பைத் தூக்கி, இடுப்பு தோளுக்கு நேர்மேலே வரும்வரை பாதங்களால் உள்ளே நடந்து வந்து, பிறகு முழங்காலை மடக்கியபடி எழும்பலாம். எடை பெரும்பாலும் முன்னங்கைகளில் இருக்க வேண்டும். நடுவில் முழங்கை வெளியே சறுக்கினால் முழுப் பாரமும் கழுத்தில் இறங்கும். காலை உதைத்து ஏறுகிறவருக்கும் அதே கதி. முதலில் இருபது, முப்பது விநாடி போதும். இறங்கியதும் நெற்றி தரையில் பட அப்படியே சற்று நேரம் கிடக்க வேண்டும். சட்டென்று நிமிர்ந்தால் தலை சுற்றும். ரத்தக் கொதிப்பு, கண் அழுத்த நோய், கழுத்துத் தேய்மானம் உள்ளவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

மூச்சுக்கு வருவோம். இடது நாசியில் 4 எண்ணி இழுத்து, 16 எண்ணி நிறுத்தி, வலது நாசியில் 8 எண்ணி விடுவது அங்கே சொல்லித்தரும் கணக்கு. திருமூலர் திருமந்திரத்தில் 16 மாத்திரை நேரம் இழு, 64 நிறுத்து, 32 விடு என்கிறார். நான்கால் வகுத்துப் பாருங்கள். மாண்ட்ரியலில் காசு கட்டிக் கற்கும் விகிதம், நம் வீட்டு அலமாரியில் பட்டுத் துணி சுற்றி, திறக்கப்படாமல் இருக்கிறது! புதியவர்கள் 16க்கு ஆசைப்பட்டு அடக்கினால் விடும் மூச்சு வெடித்துக்கொண்டு வரும். 8 எண்ணி அமைதியாக விட முடியவில்லை என்றால், நிறுத்தியது அதிகம். ஆரம்பத்தில் நிறுத்தவே வேண்டாம். 4 இழுத்து 8 விட்டாலே போதும். கர்ப்பிணிகளும் ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் எப்போதும் அதோடு நின்றுகொள்ளலாம்.

மேல்நாட்டில் சரக்கு பல கைமாறிவிட்டது. அறையை 40 டிகிரிக்குச் சூடாக்கி வகுப்பு நடத்துகிறார்கள். நம் ஊரில் மத்தியானம் இரண்டு மணிக்குத் தகரக் கூரைக்குக் கீழே நின்றால் அது இலவசம். அதைவிட எனக்கு உறுத்துவது, நேரமில்லை என்று சவாசனத்தை வெட்டுவது. சிவானந்தர் வழியில் ஆசனத்துக்கும் ஆசனத்துக்கும் நடுவே மல்லாந்து ஓய்வு உண்டு. கடைசியில் பத்து நிமிடத்துக்குக் குறையாது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் உடற்பயிற்சி. அதையே மறுபடி இறக்குமதி செய்து, கோலாலம்பூர் பேரங்காடியில் மாதச் சந்தா கட்டி நம் பிள்ளைகள் கற்கிறார்கள். கற்கட்டும், தப்பில்லை. ஆனால் வகுப்பில் சேருமுன் ஓய்வுக்கு எத்தனை நிமிடம் என்று கேளுங்கள்.

கடைசியாக, இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு ஒரு சொல். வெறும் வயிற்றில் செய் என்று எல்லா நூலும் சொல்லும். இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் விடியற்காலையில் அப்படிச் செய்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். டாக்டரைக் கேட்டு நேரத்தை வையுங்கள். பாய்க்குப் பக்கத்தில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். கை நடுங்கி வியர்த்தால் ஆசனத்தை விட்டுவிட்டு அதை வாயில் போடுங்கள்.

நன்றி, வணக்கம்.