செவ்வாயில் 1976-லேயே உயிர் கிடைத்துவிட்டதா?

வணக்கம். ஒரு நேயர் அனுப்பிய கேள்வி இது: "சார், செவ்வாயில் உயிர் இருப்பதை நாசா 1976-லேயே கண்டுபிடித்து மறைத்துவிட்டது, அந்தக் கருவியைச் செய்த விஞ்ஞானியே அப்படிச் சொல்லியிருக்கிறார் என்று ஒரு வீடியோ பார்த்தேன். உண்மையா? பொய் என்றால், அதே கருவியைத் திரும்ப அனுப்பிச் சரிபார்க்க வேண்டியதுதானே?"

இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. இரண்டாவதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

மறைத்தார்கள் என்பது பொய். விஞ்ஞானி சொன்னார் என்பது உண்மை. அவர் பெயர் கில்பர்ட் லெவின். 2021-இல் காலமாகும் வரைக்கும் "நாங்கள் கண்டது உயிரைத்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், பத்திரிகைகளிலும் எழுதினார். எதையும் யாரும் பூட்டி வைக்கவில்லை. அந்தச் சோதனையின் வரைபடங்கள் 1976, 77-லேயே ஆய்விதழ்களில் அச்சாகிவிட்டன. சண்டை முழுக்க அந்த வரைபடத்துக்கு என்ன அர்த்தம் என்பதில்தான்.

சரி, நடந்தது என்ன? 1976 ஜூலை 20 அன்று நாசாவின் வைக்கிங் 1 கலம் செவ்வாயில் இறங்கியது. செப்டம்பர் 3 அன்று வைக்கிங் 2, அங்கிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இன்னோர் இடத்தில் இறங்கியது. இரண்டிலும் உயிரைத் தேடும் சோதனைகள் மூன்று வைத்திருந்தார்கள். அதில் ஒன்று லெவினுடையது. அவர் அடிப்படையில் சுகாதாரப் பொறியாளர். தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று சீக்கிரம் கண்டுபிடிக்க அவர் உருவாக்கிய முறைதான் பின்னால் செவ்வாய்க்குப் போனது. எனக்கு இந்த விஷயம் ரொம்பப் பிடிக்கும். வேற்றுக்கிரக உயிரைத் தேடப் போன கருவியின் பூர்வீகம் குடிநீர்ப் பரிசோதனை!

முறை எளிமையானது. கொஞ்சம் மண்ணை எடுத்து அதில் ஊட்டச்சத்துக் கரைசலை ஒரு சொட்டு விடுவார்கள். அந்தச் சத்தில் உள்ள கார்பன், கதிரியக்கம் உள்ள கார்பன்-14. மண்ணில் நுண்ணுயிர் இருந்தால் அதைச் சாப்பிட்டுவிட்டு வாயுவாக வெளியே விடும். மேலே இருக்கும் கருவி அந்த வாயுவின் கதிரியக்கத்தை எண்ணும். கூடவே ஒரு எதிர்ச்சோதனையும் உண்டு. அதே மண்ணை 160 டிகிரியில் 3 மணி நேரம் சூடாக்கிவிட்டுத் திரும்பச் சொட்டு விடுவார்கள். உயிர்தான் காரணம் என்றால் அது செத்திருக்கும், வாயு வரக் கூடாது.

முதல் சொட்டிலேயே வாயு மளமளவென்று ஏறியது. சூடாக்கிய மண்ணில் ஒன்றுமே வரவில்லை. வைக்கிங் 2 இருந்த இடத்திலும் அதே கதை. அங்கே ஒரு கல்லைத் தள்ளிவிட்டு, வெயில் படாமல் அடியில் கிடந்த மண்ணையும் எடுத்துப் பார்த்தார்கள். அதிலும் வாயு வந்தது. மண்ணை இருட்டில் சில மாதம் வைத்திருந்து சோதித்தபோது அந்தத் துடிப்பு போய்விட்டது. அதாவது, கிளம்பும் முன்பே பேசி வைத்திருந்த அளவுகோலின்படி இந்தச் சோதனை பாஸ். லெவின் பக்கம் நின்று பார்த்தால் அவருடைய ஆதங்கம் நியாயமானதுதான். விதியை எழுதினீர்கள், விதிப்படி விடை வந்தது, அப்புறம் ஏன் ஏற்க மாட்டேன் என்கிறீர்கள்?

ஏற்காததற்குக் காரணம் பக்கத்தில் இருந்த மற்றக் கருவிகள். ஒரு சோதனையில் மண்ணுக்கு வெறும் ஈரப்பதம் காட்டியதுமே ஆக்ஸிஜன் வந்தது. நன்றாகச் சூடாக்கிய மண்ணும் ஆக்ஸிஜன் விட்டது. அது உயிரின் வேலையாக இருக்க முடியாது, மண்ணிலேயே ஏதோ வீரியமான ரசாயனம் இருக்கிறது என்று அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. பெரிய அடி இன்னொரு கருவியிடமிருந்து வந்தது. மண்ணை 500 டிகிரி வரை சூடாக்கி, அதில் கரிமப் பொருள், அதாவது உயிரின் உடலைக் கட்டும் கார்பன் சேர்மங்கள், இருக்கிறதா என்று பார்க்கும் கருவி அது. கிட்டத்தட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. உடலே இல்லாமல் உயிர் எப்படி? கிடைத்ததெல்லாம் குளோரின் கலந்த இரண்டு சிறிய சேர்மங்கள். அவையும் பூமியில் கருவியைச் சுத்தம் செய்த திரவத்தின் மிச்சம் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

லெவினுடைய சோதனையிலேயே ஒரு ஓட்டை உண்டு, வீடியோ போடுகிறவர்கள் அதை மட்டும் சொல்வதில்லை. சில நாள் கழித்து அதே மண்ணில் இரண்டாவது சொட்டு விட்டார்கள். நுண்ணுயிர் என்றால் இன்னும் சாப்பிட்டு இன்னும் வாயு விட வேண்டும். இங்கே வாயு ஏறவே இல்லை, இருந்ததும் சுமார் 20 சதவீதம் குறைந்தது. முதல் சொட்டிலேயே தீர்ந்துபோகிற ஒரு ரசாயனம் இப்படித்தான் நடந்துகொள்ளும். அதற்குள் அவை செத்திருக்கலாம் என்று லெவின் தரப்பு பதில் சொன்னது. என்னைக் கேட்டால், அது கொஞ்சம் வசதியான பதில்.

இங்கேயே கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2008-இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாயின் வடதுருவப் பக்கம் இறங்கி மண்ணைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தது. அதில் பெர்குளோரேட் என்ற உப்பு இருந்தது, அதுவும் அரை சதவீதம் அளவுக்கு. நம்முடைய பி.எஸ்.எல்.வி. முதல் கட்டத்தின் திட எரிபொருளில் ஆக்ஸிஜன் கொடுக்கிற சரக்கும் அம்மோனியம் பெர்குளோரேட்தான். குளிரில் சாதுவாகக் கிடக்கும், சூடேற்றினால் பக்கத்தில் இருக்கும் கரிமப் பொருளை எரித்துத் தள்ளிவிடும். இப்போது அந்த 500 டிகிரி அடுப்பை நினைத்துப் பாருங்கள். கரிமப் பொருளைத் தேடப் போன கருவியே அதைக் கொளுத்தியிருக்கிறது. 2010-இல் அடகாமா பாலைவன மண்ணில் பெர்குளோரேட் கலந்து சூடாக்கிப் பார்த்தார்கள். வைக்கிங்கில் சுத்தம் செய்த திரவம் என்று ஒதுக்கிய அதே குளோரின் சேர்மங்கள் வந்தன. பிற்பாடு கியூரியாசிட்டி ஊர்தி, சுமார் 300 கோடி ஆண்டு பழைய களிமண் பாறையில் கரிமப் பொருள் இருப்பதைக் காட்டிவிட்டது. ஆக, "உடல் இல்லை" என்ற வாதம் விழுந்துவிட்டது.

அப்படியானால் லெவின் ஜெயித்துவிட்டாரா? இல்லை. கரிமப் பொருள் விண்கல்லிலும் இருக்கும், அது மட்டும் உயிர் ஆகாது. அதோடு 2013-இல் இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது. செவ்வாய்க்குப் பூமி மாதிரி காந்தப்புலக் கவசம் கிடையாது, வளிமண்டலமும் மெல்லியது. அதனால் விண்வெளிக் கதிர்வீச்சு நேராக மண்ணில் விழுகிறது. பெர்குளோரேட்டின் மேல் அப்படிக் கதிர்வீச்சைப் பாய்ச்சினால் ஹைபோகுளோரைட் உண்டாகிறது. நம்மூர்க் கிணற்றில் போடும் ப்ளீச்சிங் பவுடரில் இருக்கிற அதே வகை. அது புரதத்தின் செங்கற்களான அமினோ அமிலத்தோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்ஸைடு வருகிறது, உயிர் எதுவும் தேவையில்லை. லெவின் விட்ட சொட்டில் அமினோ அமிலமும் இருந்தது.

என் கணக்கில் வேதியியல் பக்கம்தான் தராசு சாய்கிறது. முழுக்க மூடிய வழக்கு என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, அதே கருவியைத் திரும்ப ஏன் அனுப்பவில்லை? அனுப்பினால் அதே வாயு வரும், நாமும் அதே சண்டையைப் போடுவோம். அதனால்தான் வைக்கிங்குக்கு அப்புறம் நாசா வழியை மாற்றிக்கொண்டது. தண்ணீர் இருந்ததா, மண்ணில் என்ன இருக்கிறது, உயிர் வாழத் தோதான இடமாக இருந்ததா என்று முதலில் பார்த்தார்கள். 2024-இல் பெர்சிவரன்ஸ் ஊர்தி சிறுத்தைப் புள்ளி மாதிரி வட்டங்கள் உள்ள ஒரு பாறையைக் கண்டது. அப்போதும் யாரும் "உயிர்" என்று அறிவிக்கவில்லை, "உயிரின் தடயமாக இருக்கக்கூடியது" என்றுதான் சொன்னார்கள். அதன் மாதிரியைக் குழாயில் அடைத்து வைத்திருக்கிறார்கள். பூமிக்குக் கொண்டுவரும் நாசாவின் திட்டம் செலவில் சிக்கி நின்றுபோயிருக்கிறது.

ஆனால் அதே கருவியைக் கொஞ்சம் மாற்றி அனுப்பலாமே என்றால், அதற்கு லெவினே வழி சொல்லியிருந்தார். அமினோ அமிலங்களில் பெரும்பாலானவற்றுக்கு, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் மாதிரி, இடக்கை வடிவம், வலக்கை வடிவம் என்று இரண்டு உண்டு. பூமியின் உயிர்கள் புரதம் கட்டுவது இடக்கை வடிவத்தை வைத்து. ப்ளீச்சிங் பவுடருக்கு இந்த வித்தியாசம் தெரியாது, இரண்டையும் ஒன்றுபோல் சிதைக்கும். வைக்கிங் கரைசலில் இரண்டும் கலந்தே இருந்தன, அதனால் பிரித்துச் சொல்ல வழியில்லை. ஒரு மண்ணில் இடக்கையை மட்டும், இன்னொரு மண்ணில் வலக்கையை மட்டும் விடுங்கள், ஒன்றில் மட்டும் வாயு வந்தால் பேசலாம் என்றார் அவர். 2028-இல் கிளம்பவிருக்கும் ஐரோப்பாவின் ரோசலிண்ட் பிராங்க்ளின் ஊர்தி, 2 மீட்டர் ஆழம் துளைத்து மண் எடுக்கும். இடக்கை, வலக்கை வடிவங்களைப் பிரித்தறியும் கருவியும் அதில் உண்டு. ஆனால் அது மண்ணில் இருப்பதை அளக்குமே தவிர, மண்ணுக்குச் சாப்பாடு போட்டுப் பார்க்காது. லெவின் கேட்ட அந்தச் சோதனையை இதுவரை எந்தக் கலமும் செவ்வாயில் செய்ததில்லை.