ஆற்றங்கரையில் ஆறு எங்கே?

(ராமநாதபுரத்தில் மாணவர்களும் மீனவர்களும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் ஓடிவரும் வைகை, நம்மூர்ப் பெரிய கண்மாயில் வந்து விழுகிறது. கண்மாய் நிரம்பி மிஞ்சினால்தான் ஆற்றங்கரை கிராமத்துப் பக்கம் போய்க் கடலைத் தொடும். சிவனுக்கு நஞ்சு கொடுத்த கடலோடு சேரமாட்டேன் என்று வைகை ஒதுங்கிக்கொண்டதாகப் பழைய புலவர் ஒருவர் பாடிவைத்தார். கற்பனை நன்றாகத்தான் இருக்கிறது. வழிநெடுகக் கண்மாய்களுக்கு அள்ளிக் கொடுத்த ஆற்றிடம் கடைசியில் என்ன மிஞ்சும்?

ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடம் கழிமுகம் என்று பள்ளியில் படித்தோம். நம் கரையில் அந்தக் கலப்பு ஐப்பசி, கார்த்திகை மழையோடு சரி. மற்ற மாதங்களில் கடல்தான் வீட்டுக்காரர், ஆறு எப்போதோ வந்துபோகும் விருந்தாளி.

இந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பாருங்கள். பாதிவரை உப்புத் தண்ணீர். தெரிவதற்காக நீல மை விட்டிருக்கிறேன். இப்போது நல்ல தண்ணீரைக் கரண்டியின் முதுகில் பட்டு வழியும்படி மெதுவாக ஊற்றுகிறேன். முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து வந்து பார்க்கலாம். கீழே நீலம், மேலே தெளிவு. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது, அதனால் கனம் அதிகம். வெள்ளக் காலத்தில் முகத்துவாரத்திலும் இப்படித்தான்: நல்ல தண்ணீர் மேலாக வெளியே போகும், உப்புத் தண்ணீர் அடியில் ஆப்பு அடித்த மாதிரி உள்ளே நுழையும். கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டும் நம் பெண்களுக்கு இது புதிதல்ல. ஆழம் தோண்டினால் உவர்ப்பு வந்துவிடும் என்று கையளவில் நிறுத்திவிடுவார்கள். மணலுக்குள்ளும் மழைநீர் உப்புநீரின் மேல்தான் மிதக்கிறது.

இங்கே கடல் ஏறி வற்றுவது ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் நிலம் தட்டையாகக் கிடப்பதால், அமாவாசை, பௌர்ணமியில் அந்தச் சிறு ஏற்றமே கழி வழியாக வெகுதூரம் உள்ளே வந்துவிடும்.

அப்புறம் சேறு. வெள்ளம் கொண்டுவரும் களிமண் துகள்கள் நல்ல தண்ணீரில் தனித்தனியாக மிதந்துகொண்டே வரும். உப்பு பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து அடியில் படியும். தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில், கோட்டைக்கரை ஆறு கடல் சேரும் இடத்தில் கால் வைத்தால் முழங்கால்வரை வாங்கும். கிளறினால் கறுப்பு, அழுகிய முட்டை வாடை. அந்தச் சேற்றில் காற்று கிடையாது. அதனால்தான் அலையாத்தி மரங்கள் வேரை மேலே நீட்டி, பென்சில் நட்டுவைத்த மாதிரி நிற்கின்றன. முகத்துவாரத்தில் மட்டும் மணல். அலை நொய்யதை அலசிக் கொண்டுபோய்விடுகிறது.

அந்த மணலில்தான் சிக்கல். ஆற்றின் தள்ளல் குறைந்தால் அலை மணலை ஒதுக்கி வாயை அடைத்துவிடும். உள்ளே அடைபட்ட தண்ணீர் சித்திரை வெயிலில் சுண்டிக் கடலைவிட உவர்க்கும். ஓரத்தில் உப்புப் பொருக்கு பூக்கும். உள்ளே வளர வந்த இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் திரும்பிப் போக வழியில்லை.

வாயை வெட்டிவிட்டால் என்ன என்று பெரியவர் ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். வெட்டலாம் ஐயா. கோடையில் வெட்டினால் உள்ளே இருந்து தள்ளத் தண்ணீர் இருக்காது. கடல் மணலைக் கொட்டித் திரும்ப மூடிவிடும். கண்மாய் நிரம்பி மறுகால் வழியாக மிச்சத் தண்ணீர் பாய்கிற நாளாகப் பார்த்து, கடல் வற்றும் நேரத்தில் மண்வெட்டியால் ஒரு சின்ன வாய்க்கால் கீறிவிடுங்கள். மிச்சத்தை ஆறே அறுத்துக்கொள்ளும்.